பெட்டிக்குப் பின்னால் ஒரு கை

மணி மூன்று. உடனே பக்கத்து ஆள் மடியில் ஏற வேண்டாம்... மத்தியானம் மூன்று. பேய் ராத்திரி ஷிஃப்ட் மட்டும்தான் பார்க்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஊரை விட்டு விலகிப் போகிற ஒரு சாலை. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கிற கிடங்குகள். ஆள் இல்லை, நாய் இல்லை, ஒரு டீக்கடைகூட இல்லை. அந்தச் சாலையில் ஒரு லோடு வண்டி போகிறது. முன்னால் டிரைவர், அவர் பக்கத்தில் அத்தான். பின்னால் இரண்டு மரப்பெட்டிகள். அவ்வளவுதான், வேறு ஆள் கிடையாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் என்றால் என் அத்தான் இல்லை. எங்கள் கம்பெனி ஸ்டோர்கீப்பரின் அக்கா வீட்டுக்காரர். அவன் வாய்க்கு வாய் அத்தான், அத்தான் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் எங்கள் எல்லோருக்குமே அவர் அத்தானாகிவிட்டார், அவன் அக்கா எங்களுக்கும் அக்கா. ஸ்டோர்கீப்பர் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய் சொல்லவும் கொஞ்சம் மூளை வேண்டுமே. அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேசினால் அப்படியே எழுந்து போய்விடுவேன்... சிரிப்பு வருகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

அத்தானுக்கு வேலை லிஃப்ட் ரிப்பேர். நாள் முழுக்க மோட்டார் உறுமுவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போன மனுஷன். வீட்டுக்கு வந்தால் சுத்தமான சத்தத்தில் நாலு பாட்டுக் கேட்க வேண்டும், அதுதான் ஆசை. தப்பா? குடித்தாரா, சீட்டாடினாரா? நல்ல ஸ்பீக்கராக வாங்கினார். அதை மாட்டுகிற பெட்டியைத் தானே அளவு போட்டுக் கொடுத்துத் தச்சரிடம் செய்யச் சொன்னார். சனி பிடித்தது அங்கேதான்.

விஷயம் இதுதான். ஸ்பீக்கர் அதிரலாம், அதுதான் அதன் பிழைப்பு. அதைச் சுமக்கிற பெட்டி அதிரக் கூடாது. பெட்டியும் கூடவே அதிர்ந்தால், தாழ்ந்த சத்தம் வரும்போதெல்லாம் பலகை 'ர்ர்ர்ர்' என்று உறுமிப் பாட்டையே குழப்பிவிடும். பாட்டுக்காரன்தான் பாடணும், பெட்டி பாடக் கூடாது என்பார் அத்தான். விரல் முட்டியால் தட்டினால் 'டொங்' என்று வரக் கூடாது, 'தொப்' என்று வர வேண்டும். முதல் ஜோடிப் பெட்டி டொங் என்றது. இரண்டாவது ஜோடியும் டொங்தான். வண்டியில் வருகிறதே, அது மூன்றாவது ஜோடி. இரட்டைப் பலகை வைத்து, நடுவில் மணல் நிரப்பியது.

சாலை முழுக்கப் பள்ளம். பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கடகட, கடகட என்கின்றன. அத்தானுக்கு ஏற்கெனவே வயிறு எரிகிறது, தச்சர் ஒரு பலகையை அரை விரற்கடை குறைத்து அறுத்துவிட்டார். இப்போது பாலிஷும் போகப் போகிறது. கயிற்றை இறுக்கிக் கட்டச் சொன்னால் டிரைவர் காதில் போட்டுக்கொள்ளாமல் பாட்டுப் பாடுகிறார். அத்தான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் பின்பக்கம் திரும்பிக் கத்தினார்.

"யாராச்சும் அந்தப் பெட்டியைப் பிடிங்கப்பா!"

லிஃப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு அது பழக்கம். மேல் மாடியில் நிற்கிற ஹெல்பர் கண்ணுக்குத் தெரிய மாட்டான். கீழே இருந்து பிடி என்று கத்தினால் பிடிப்பான். அந்த வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது.

கடகட நின்றது. அந்த நொடியே.

பள்ளம் தீரவில்லை. வண்டி குதித்துக்கொண்டுதான் போகிறது... பெட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை. டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் பாடவில்லை. வீடு வந்ததும் பெட்டிகளை அவசர அவசரமாக இறக்கி வைத்துவிட்டு, பின்னால் ஏறினவர் எங்கே இறங்கினார் என்று மட்டும் கேட்டார். அத்தான் குனிந்து பெட்டியைத் தடவிப் பார்த்தார். பாலிஷில் ஒரு கீறல் விழுந்திருந்தது, அதைப் பார்த்து நொந்துகொண்டிருந்தார்.

வீட்டில் யாரும் இல்லை. அக்கா, நாலு வயதுப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாள் ஆகிறது. கோபித்துக்கொண்டு என்று சொல்ல முடியாது, சலித்துப்போய். எட்டு மாதமாக வீடு முழுக்க மரத்தூள், தார் ஷீட், பசை நாற்றம். பாப்பாவுக்கு அந்த நாற்றத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. அவள் ரூமில் பெட்டிகள் குடியேறின, அவள் கட்டில் பால்கனியில் நிமிர்ந்து நின்றது. அக்கா ஒருநாள் பையை எடுத்து மாட்டினாள்.

"பெட்டி அடங்கினதும் கூப்பிடுங்க. வர்றோம்."

அதுதான் அத்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பெட்டி அடங்காமல் பாப்பா வீட்டுக்கு வர மாட்டாள். விட்டுத்தொலைத்துவிட்டுக் குழந்தையைக் கூட்டி வந்திருக்கலாமே என்பீர்கள். அந்தப் புத்தி இருந்தால் இந்தக் கதை எதற்கு?

ஸ்பீக்கரைப் புதுப் பெட்டியில் மாட்டிப் பாட்டைப் போட்டார். முதல் தாழ்ந்த சத்தம் வந்தது... ர்ர்ர்ர். அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே தார் ஷீட் ஒட்டினார், ர்ர்ர். கம்பளித் துணி திணித்தார், ர்ர்ர். அடியில் ரப்பர், மேலே இரண்டு செங்கல், உள்ளே குறுக்குக் கட்டை. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் எட்டிப் பார்த்தது அந்தச் சனியன். வேலைக்குப் போனாலும் அதே நினைப்பு. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தட்டிப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்டோர்கீப்பரை உதவிக்கு அழைத்தார். வித்தை ஒன்றும் பெரிதில்லை. அத்தான் எதிரே நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்பார். இவன் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பலகையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இடம் மாற்ற வேண்டும். எந்த இடத்தில் அழுத்தினால் உறுமல் அடங்குகிறதோ, அங்கே உள்ளே கட்டை கொடுக்க வேண்டும்.

"மேல... இன்னும் மேல... அங்க இல்ல மாப்ள, அய்யோ, அங்க இல்ல."

முக்கால் மணி நேரம். ஸ்டோர்கீப்பருக்குக் கால் மரத்துப்போனது. பாக்கெட்டில் போன் துடித்தது, பார்த்தால் அக்கா. பேசினால் அத்தான் கடித்துக் குதறுவார். சத்தம் காட்டாமல் எழுந்து, கதவைத் திறந்துகொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டான்.

அத்தான் கண் மூடியே இருந்தது. இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்றார். உறுமல் கொஞ்சம் தணிந்தது. கொஞ்சம் கீழே என்றார். இன்னும் தணிந்தது... அப்புறம் நின்றேவிட்டது.

"அதேதான். எடுக்காத மாப்ள. கையை எடுக்காத."

எட்டு மாதத்தில் முதல்முறையாகப் பாட்டுக் கேட்டது. தந்தியின் மேல் விரல் வழுக்குகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பாடுகிறவர் இழுக்கிற மூச்சுக் கேட்டது. முரட்டு மனுஷன், கண்ணை மூடிக்கொண்டே அழுதார். பாப்பா வரலாம், இனிமேல் பாப்பா வரலாம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

வாசல் கதவு திறந்தது. போனும் கையுமாக ஸ்டோர்கீப்பர் உள்ளே வந்தான். அக்கா பேச வேண்டுமாம் என்றான்.

அத்தான் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பாட்டு ஓடுகிறது... உறுமல் இல்லை. எழுந்து போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. பலகையைத் தொட்டார். ஒரே ஒரு இடம், ஓர் உள்ளங்கை அகலம், பனிக்கட்டி வைத்து எடுத்த மாதிரிச் சில்லிட்டிருந்தது. வெயிலில் காய்ந்த புழுதி வாடை அடித்தது. பூட்டிக் கிடந்த கிடங்கைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

நீங்களும் நானுமாக இருந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருப்போம். அத்தான் என்ன செய்தார் தெரியுமா? கதவை மெதுவாகச் சாத்தத் தெரியாதா, ஜன்னல் அதிர்கிறது என்று ஸ்டோர்கீப்பரைத் திட்டினார்.

மறுநாள் அந்த இடத்தில் உள்ளே கட்டை கொடுத்துப் பார்த்தார். உறுமல் திரும்ப வந்தது. கட்டையைப் பிடுங்கி எறிந்தார். பிறகு, பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே, சரி, நீயே வை என்றார். அடங்கியது. வேலை நடந்தால் போதும், ஹெல்பர் எந்த ஊர் என்று கேட்கிற வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் இல்லை.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எரிச்சல் பிடித்த மனுஷனுக்கு ஓர் எரிச்சல் போனால் இன்னொன்று கிடைக்காதா? பெட்டி அடங்கியதும் மற்றதெல்லாம் காதில் விழ ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி. பீரோக் கதவு. ட்யூப்லைட். ஃபிரிட்ஜ். ஒவ்வொன்றாகக் கையைக் காட்டி அதைப் பிடி, இதைப் பிடி என்றார். ஒவ்வொன்றாக அடங்கியது. வியாழக்கிழமை ராத்திரி தண்ணீர்க் குழாய் கடகடத்தது. அத்தானுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஒண்ணொண்ணா சொல்லிட்டே இருக்கணுமா? இந்த வீட்ல எது அதிர்ந்தாலும் பிடி."

வீடு அமைதியானது. ஃபிரிட்ஜ் குளிர்ந்தது, சத்தம் இல்லை. கடிகார முள் நகர்ந்தது, சத்தம் இல்லை. அத்தான் சந்தோஷமாக அக்காவுக்குப் போன் போட்டு, அடங்கிவிட்டது, வாருங்கள் என்றார். பாப்பாவின் கட்டிலைத் துடைத்து ரூமில் போட்டார். ஜன்னலைத் திறந்து வைத்துத் தார் நாற்றத்தைப் போக்கினார்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். வந்ததும் வராததுமாக உட்கார வைத்துப் பாட்டைப் போட்டார். சண்டைக்குத் தயாராக வந்த அக்காகூட, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டாள். அவள் வாயிலிருந்து அது வருவது லேசுப்பட்ட காரியமில்லை. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

பாட்டு முடிந்தது. பாப்பா சோபாவிலிருந்து குதித்து, பாட்டி வீட்டில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். மூன்று வார்த்தை வந்தது... நாலாவது வரவில்லை. வாய் அசைகிறது. சத்தம் இல்லை. விளையாடுகிறாள் என்று அக்கா சிரித்தாள். பாப்பாவின் இரண்டு கையும் கழுத்துக்குப் போயின. கண் பெரிதானது.

அத்தானுக்குப் புரிந்துவிட்டது, எது அதிர்ந்தாலும் என்றதில் தொண்டையும் சேர்த்திதான். அள்ளிக்கொண்டு படி இறங்கித் தெருவில் ஓடினார். இரண்டாவது திருப்பத்தில் பாப்பாவின் குரல் வெடித்துக்கொண்டு வெளியே வந்தது. கத்தி, அழுது, விக்கி, அப்புறம் சொன்னாள்.

"யாரோ கழுத்துல கை வெச்சாங்கப்பா. ஜில்லுன்னு இருந்துச்சு."

அன்று தெருவில் நின்றபடியே எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னார். அக்கா அழவில்லை. நீங்கள் சொல்லித்தானே பிடித்தது, நீங்களே விடச் சொல்லுங்கள் என்றாள். அத்தான் தனியாக வீட்டுக்குள் போய்ச் சொன்னார். விடு என்றார். போதும் என்றார். போய்விடு என்றார். அதட்டினார், கெஞ்சினார், காலில் விழுகிற மாதிரித் தரையில் விழுந்தார். பிடி என்றதும் பிடித்த அந்த ஹெல்பருக்கு விடு என்கிற வார்த்தை மட்டும் தெரியவில்லை.

அக்காவின் அம்மா வீட்டுக்கு மூட்டை கட்டினார்கள். மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாவது நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே பேசிய பாப்பாவுக்குப் பாதி வார்த்தையில் குரல் நின்றது. அந்தக் கைக்கு இந்த வீட்டு வழியும் தெரிந்துவிட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். திரும்ப வந்தார்கள். வேறு என்ன செய்வது?

பெட்டியை உடைத்து எறியலாம் என்றுதான் அத்தான் சுத்தியலை எடுத்தார். ஓங்குவதற்கு முன்னால், என்ன தோன்றியதோ, ஒரு பாட்டைப் போட்டார். பாட்டு ஓடுகிற வரைக்கும் பாப்பா பேசினாள். நிறுத்தினால் அவள் குரலும் நின்றது. மறுபடி போட்டார், மறுபடி பேசினாள். பெட்டி அதிர்ந்தால் கை பெட்டிக்குப் போகிறது, பெட்டி ஓய்ந்தால் பாப்பாவிடம் வருகிறது. பெரியவர்கள் தொண்டையை அது சீண்டவில்லை, பெட்டிக்கு அடுத்தபடி அதற்குப் பிடித்தது அந்தப் பிஞ்சுத் தொண்டைதான். சுத்தியலை ஓரமாக வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் ஒரே ஒரு தாழ்ந்த சத்தம். ஊம்ம்ம்... என்று. பாட்டு இல்லை, தாளம் இல்லை. எட்டு மாதம் ஓர் உறுமலை ஒழிக்கப் போராடிய மனுஷன், இப்போது ஓர் உறுமல் நிற்காமல் பார்த்துக்கொள்கிறார். தலைவிதியைப் பாருங்கள். அக்காவுக்குத் தலைவலி. மாடி வீட்டுக்காரர் தினம் சண்டை. அத்தானுக்குப் பல் எல்லாம் கூசியது, எரிச்சலில் ஒருநாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். ஆனால் பாப்பா பேசினாள். நாள் பூராவும் பூனைக்குட்டிக் கதை. கரண்ட் போனால் சமாளிக்க இரண்டு பேட்டரி வாங்கி வைத்தார்.

கரண்ட் போனது. ஒரு மழை நாள், சாயங்காலம் ஏழு மணி. முதல் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கியது. இரண்டாவது பத்தே நிமிஷத்தில் காலை வாரிவிட்டது. ஸ்டோர்கீப்பர் அன்று அங்கேதான் இருந்தான். இதற்கு மேல் சொல்லும்போது அவன் குரலே மாறிவிட்டது. ஊம்ம்ம் தேய்ந்தது, நின்றது... சாப்பிட்டுக்கொண்டிருந்த பாப்பா அப்படியே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை குரல் மட்டும் இல்லை, மூச்சே இல்லை. உதடு வெளுத்தது. அக்கா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். அத்தான் பெட்டியைக் குத்தினார், தரையை உதைத்தார், தட்டைத் தூக்கி அடித்தார். எதிலும் சத்தமே வரவில்லை.

அப்புறம்தான் அவர் மண்டியிட்டு, பாப்பாவின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்து, அடித்தொண்டையிலிருந்து முனகினார். ம்ம்ம்ம்... என்று, பெட்டி போட்ட அதே சத்தம். நரம்பு புடைக்க முனகினார். உயிரைக் கொடுத்து முனகினார் என்பார்களே, அதுதான்.

பட்டென்று அவர் சத்தம் அறுந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஸ்டோர்கீப்பர் பார்த்தான். அவர் கழுத்தின் இரண்டு பக்கமும் சதை உள்ளே அமுங்கியது. ஒரு பக்கம் ஒரு குழி, இன்னொரு பக்கம் நாலு குழி. பாப்பா மூச்சை இழுத்தாள், வீறிட்டு அழுதாள். அக்கா அந்த அழுகையைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் கரண்ட் வந்தது. பெட்டி மறுபடி ஊம்ம்ம் என்றது. கூடவே பழைய உறுமல்... ர்ர்ர்ர். பெட்டியை யாரும் பிடிக்கவில்லை. ருசி கண்ட பூனை. உயிருள்ள தொண்டை கிடைத்த பிறகு மரப்பெட்டி அதற்கு எதற்கு?

அதற்கப்புறம் அத்தானுக்குப் பேச்சு இல்லை. ஆனால் தொண்டை சும்மா இருக்கக் கூடாது. சத்தமே வராமல் முனகிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க நிறுத்தினால், அந்த இரண்டு மடக்கு நேரம் பாப்பாவின் வார்த்தை தொண்டையில் நிற்கும். வேலைக்கு லீவு சொல்லியாகிவிட்டது. நாலு நாள் கண்ணை மூடவில்லை. அஞ்சாவது நாள் ஒரு தாளில் எழுதி அக்காவிடம் காட்டினார். பாப்பா ஒன்பதரைக்குத் தூங்கிவிடுகிறாள், தூக்கத்தில் பேசுவதில்லை, பேசாத குழந்தையிடம் அதிர என்ன இருக்கிறது, அந்த நேரத்தில் நானும் தூங்கலாம் என்று. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அக்காவும் தலையை ஆட்டினாள்.

அன்று பாப்பாவை நடுவில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் ஒரே பாயில் படுத்தார்கள். தலையணையில் தலை படுவதற்குள் அத்தான் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கிவிட்டார். அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டது, மழைக்கு ஜன்னல் லேசாக நடுங்கியது. எட்டு மாதக் கோபம் எல்லாம் கரைந்து, பாவம், இந்த மனுஷன் என்ன பாடு பட்டுவிட்டார் என்று தோன்றியது. எப்போதும் செய்கிற மாதிரி, பாப்பாவுக்கு மூச்சு வருகிறதா, நெஞ்சு துடிக்கிறதா என்று பார்க்க இருட்டில் கையை நீட்டினாள்.

பாப்பாவின் நெஞ்சில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

தூக்கத்திலும் குழந்தையை அணைத்துக்கொண்டிருக்கிறாரே என்று அக்காவுக்கு மனசு இளகிவிட்டது. அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். மழைக்குச் சில்லிட்டிருக்கிறதே என்று தடவிக் கொடுத்தாள். ஏன் இவ்வளவு அழுத்துகிறார் என்று விரலைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள், நகரவில்லை.

தெருவில் ஏதோ ஒரு வண்டி திரும்பியது. அதன் விளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக ஒருமுறை அறைக்குள் வந்து போனது. பாப்பாவுக்கு அந்தப் பக்கம் அத்தான் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தார்... இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு.